அன்று நான் மாற்றியவை இரண்டு

இதை எழுத உட்கார்ந்து இது நான்காவது நாள். பத்து வரி எழுதுவேன், எழுந்து தெருவுக்குப் போவேன். ஏதாவது வண்டி போகும், அதன் சத்தத்தில் ஒரு குறை காதில் விழும். திரும்பி வந்து படித்தால் எழுதிய பத்து வரியும் பிடிக்காது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். ஓய்வுபெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க இன்னும் பழகவில்லை.

எங்கள் பணிமனையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் எழுதச் சொன்னார்கள். ஓய்வுபெற்றோர் கூட்டத்துக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். கார்புரேட்டர் வண்டி பார்த்த ஆட்களில் நான் ஒருவன்தான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், அந்தக் காலத்தில் இஞ்சின் திக்கினால் எப்படிக் கண்டுபிடித்தோம் என்று இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார்கள். அவர்களுக்கு இப்போது கம்ப்யூட்டரை மாட்டினால் என்ன குறை என்று திரையில் வந்துவிடுகிறது. எங்களுக்கு அப்படி இல்லை. நாங்கள் குறையைத் தேடின முறையை எழுதுகிறேன். அதோடு, நான் ஒரு வண்டியில் குறையைத் தப்பாகச் சொன்னதையும், அதனால் ஒரு மனிதருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டு பக்கத்தில் முடியாது.

நான் அருப்புக்கோட்டைக்காரன். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களை எடுத்தவர்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, பத்தொன்பது வயதில் அரசுத் துறை ஒன்றின் பணிமனையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். எந்தத் துறை என்பது வேண்டாம். முதல் மூன்று வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். அந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பணிமனைக்கு ராஜாமணி சார் ஃபோர்மேன். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக்கூடப் போட்டிருப்பார். ஹெல்பரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அந்த மரியாதையே எங்களுக்குப் பயமாக இருக்கும். குறை என்று ஒரு வண்டி வந்தால் பானெட்டைத் திறக்க விடமாட்டார். முதலில் டிரைவரை ஸ்டூலில் உட்கார வைப்பார். எப்போது திக்குகிறது, எந்த கியரில், காலைக் குளிர்ச்சியிலா வெயில் ஏறின பிறகா, மிதித்த உடனேயா அல்லது மிதித்துக்கொண்டே போகும்போதா என்று கேட்பார். டிரைவர் பேசும்போது குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். கையில் ஒரு பிடி தறிக்கழிவு நூல் இருக்கும். எங்கள் ஊரில் எந்தப் பட்டறையிலும் கை துடைக்க அதுதான். கேட்டுக்கொண்டே அதை விரல்களுக்கு நடுவில் உருட்டுவார்.

கேட்டு முடித்ததும் வண்டியின் பின்தட்டில் ஏறி, கேபினில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு ஓட்டச் சொல்வார். பாலவனத்தம் வளைவு வரை போய்த் திரும்ப வேண்டும். புகைக்குழாய்ச் சத்தம் பின்னால் உட்கார்ந்தால்தான் சரியாகக் கேட்கும் என்பார். திரும்பி வந்து இறங்கும்போது தலையெல்லாம் புழுதியாக இருக்கும். அதன் பிறகுதான் பானெட்.

வரிசை எப்போதும் ஒன்றே. முதலில் காற்று, அடுத்தது பெட்ரோல், கடைசியில் நெருப்பு. இந்த மூன்றும் சரியாக வந்தால் இஞ்சின் ஓடியே ஆக வேண்டும். காற்றுக்கு, வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பார்ப்போம். திருச்சுழிப் பக்கம் போய் வந்த வண்டி என்றால் கரிசல் புழுதி கைப்பிடி அளவு விழும். பெட்ரோலுக்கு, அதைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை அழுத்த வேண்டும். உள்ளே நூல் மாதிரி பெட்ரோல் பீய்ச்சும். பீய்ச்சவில்லை என்றாலோ விட்டுவிட்டுப் பீய்ச்சினாலோ, மிதிக்கும்போது வண்டி திக்கத்தான் செய்யும். நெருப்புக்கு, பிளக், காயில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்று ஒவ்வொன்றாகப் போவோம். பாயிண்ட் என்பது திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச். அது ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பிளக்கில் ஒரு பொறி விழும்.

இதில் அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதும் மட்கார்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, வளைவு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஓட்டாமலே இரண்டாவது கோடு விழுந்திருந்தால் இரண்டையும் கழற்றிப் பழையதை மாட்டச் சொல்வார். திட்டமாட்டார். "எதுனால சரியாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு நிற்பார்.

கருப்பையா அண்ணன் எங்கள் டிரைவர்களில் ஒருவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், பாலவனத்தத்துக்கு அடுத்த சின்ன ஊர். ஒரு தடவை அவர் ஓட்டிய ஜீப் அரைமணி நேரம் ஓடினதும் முக்கி முக்கி நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால் ஓடும். நாங்கள் இரண்டு பேர் மூன்று நாளாக பெட்ரோல் பம்ப்பைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தோம். ஃபோர்மேன் அவரை ஸ்டூலில் உட்கார வைத்துக் கேட்டார். டேங்க் மூடியைத் திறந்தால் வண்டி பெருமூச்சு விடுகிறது என்று கருப்பையா அண்ணன் சொன்னார். ஃபோர்மேன் எழுந்துபோய் மூடியில் இருந்த காற்றுத் துளையை ஊசியால் குத்தினார். அவ்வளவுதான் வேலை. துளை அடைத்திருந்ததால் டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் இறங்கவில்லை. இந்தக் குறையைக் கண்டுபிடித்தது டிரைவர்தான், நீங்கள் இல்லை என்று எங்களிடம் சொன்னார். கருப்பையா அண்ணன் அப்படிப்பட்ட டிரைவர். வண்டி மூச்சு விடுவதைக் கேட்கிறவர்.

அடுத்து நான் சொல்லப்போகும் வண்டியையும் அவர்தான் ஓட்டினார். பழைய பெட்ரோல் பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. அது நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது நான் மெக்கானிக் ஆகியிருந்தேன்.

குறை இதுதான். வண்டி நின்ற இடத்தில் சீராக ஓடும். ஓட்டத்தில் இருக்கும்போதும் ஓடும். ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற அந்த நொடியில் ஒரு தயக்கம். தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு திக்கு திக்கிவிட்டுப் பிறகு எடுக்கும். பத்து நாளாக அப்படி இருந்தது. காற்று வடிகட்டியைப் பார்த்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் ஜெட் துளைகளை ஊதி மாட்டினேன். பீய்ச்சல் நன்றாக இருந்தது. ஃபோர்மேன் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார்.

மறுநாள் மேலதிகாரி ஒருவர் நரிக்குடிப் பக்கம் கண்மாய்களைப் பார்க்க வருவதாக இருந்தது. அந்த வண்டிதான் போக வேண்டும். எங்கள் அதிகாரி மத்தியானம் பணிமனைக்கே வந்து நின்றுகொண்டார். டிரைவர்கள் வழியில் பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவதாகத் தனக்குத் தகவல் வந்திருக்கிறது, முதலில் டேங்கைப் பார் என்றார்.

டேங்க் வாயில் மூக்கை வைத்தேன். மண்ணெண்ணெய் வாசனை வந்தது. கொஞ்சம் பெட்ரோலை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தேன். காய்ந்த பிறகு பிசுக்கு இருந்த மாதிரித் தெரிந்தது. காலையிலிருந்து மண்ணெண்ணெயில் சாமான் கழுவின கை அது. அந்தக் கையில் பிசுக்கு இல்லாமல் எப்படி இருக்கும், அந்தக் கைக்குப் பக்கத்தில் இருந்த மூக்கில் வேறு என்ன வாசனை வரும் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. அதிகாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆமாம் சார், கலந்திருக்கிறது என்றேன்.

டேங்கை வடித்துக் கழுவி, பங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வாங்கி ஊற்றினோம். அது ஒன்று. பானெட் திறந்து கிடந்தது, நாளைக்கு மானம் போகக்கூடாது என்ற பதற்றம் எனக்கு. ஃபோர்மேனின் டிராயரில் கணக்கில் ஏறாத பழைய இருப்பு ஒரு பாயிண்ட் செட் புதிதாகக் கிடந்தது. தட்டும் ஒயருமாகச் சேர்ந்த முழு செட். அதையும் மாற்றிவிட்டேன். அது இரண்டு. மட்கார்டில் சாக்பீஸால் எதுவும் போடவில்லை. வண்டியை எடுத்து வளைவு வரை போனேன். மிதித்தால் மிதித்த வேகத்துக்குப் பாய்ந்தது.

அறிக்கையில் எழுதினேன்: எரிபொருள் கலப்படம், டேங்க் கழுவிப் புதிய பெட்ரோல் நிரப்பப்பட்டது, குறை நீங்கியது. பாயிண்ட் செட்டைப் பற்றி எழுதவில்லை. ஃபோர்மேன் கையெழுத்து இல்லாமல் சாமான் எடுத்தது தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். பழைய செட்டைக் குப்பையில் போட்டேன்.

நான்கு நாளில் கருப்பையா அண்ணனை வண்டியிலிருந்து இறக்கினார்கள். விசாரணைக்கு ஒரு எழுத்தர் அவர் வீட்டுக்குப் போய் வந்ததாகக் கேள்விப்பட்டேன். அண்ணனை நரிக்குடியில் இருந்த எங்கள் ஸ்டோருக்கு வாட்ச்மேனாகப் போட்டார்கள். அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. வாட்ச்மேனாகவே ஓய்வுபெற்றார். வாட்ச்மேனாகப் போட்ட உத்தரவு வந்த அன்று பணிமனைக்கு வந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த தன் துண்டை எடுத்துக்கொண்டார். என் பக்கம் பார்த்தார். "நீ மோந்து பாத்துதானே சொன்ன, சம்முகம்?" என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஃபோர்மேன் லீவு முடிந்து வந்து அறிக்கையைப் படித்தார். என்னைக் கூப்பிட்டு, கருப்பையாவை ஸ்டூலில் உட்கார வைத்துக் கேட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் நூலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மாத்துனீங்க?"

"பெட்ரோல் மட்டும்தான் சார்."

"வேற எதுவும் தொடலையே?"

"இல்ல சார்."

அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் இரண்டு என்று சொல்லியிருந்தால் அவர் பழைய செட்டைக் குப்பையிலிருந்து தேடி எடுக்கச் சொல்லியிருப்பார். மறுபடி மாட்டி, வளைவு வரை ஓட்டியிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் கலப்படம்தான் காரணம் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். பாயிண்ட் செட்டை மறைத்தது சின்னப் பொய், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். ஃபோர்மேன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். பெட்ரோல் வண்டிகள் போய் டீசல் வந்தது, டீசலில் கம்ப்யூட்டர் வந்தது. ஃபோர்மேன் நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். கருப்பையா அண்ணனை ஆபீஸ் வேலையாக நரிக்குடி போகும்போது பார்த்திருக்கிறேன். வண்டி உள்ளே நுழைய கேட்டைத் திறந்துவிடுவார். நான் தலையாட்டுவேன். அவரும் ஆட்டுவார்.

போன சித்திரையில் நரிக்குடியிலிருந்து முத்துலட்சுமி என்ற அம்மா போன் செய்தார். ஆட்டு வியாபாரம் செய்கிறவர். அவருடைய அப்பா வைத்திருந்த பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்றில்தான் இன்றைக்கும் சந்தைக்கு ஆடு ஏற்றிப்போகிறார். விற்கச் சொன்னால் விற்கமாட்டார். வண்டி இரண்டு மாதமாகத் திக்குகிறது. மூன்று மெக்கானிக் பார்த்து, மதுரையிலிருந்து கார்புரேட்டரே புதிதாக வாங்கி மாட்டியும் சரியாகவில்லை. அதற்கு முந்தின வாரம் மண்ரோட்டிலிருந்து தார்ரோட்டில் ஏறும்போது வண்டி நடுரோட்டில் திக்கி நின்றிருக்கிறது. எதிரே வந்த பஸ் உரசினாற்போல் போயிருக்கிறது.

நான் போனேன். முத்துலட்சுமியை உட்கார வைத்து ஃபோர்மேன் கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டேன். அந்த அம்மா பொறுமையில்லாமல் பதில் சொன்னார். கடைசியில், "நின்னா ஓடுது அண்ணாச்சி, ஓடுனாலும் ஓடுது. மிதிச்சா மட்டும்தான் யோசிக்குது" என்றார்.

இதே வார்த்தையைக் கருப்பையா அண்ணன் சொல்லியிருப்பார், நான் அன்றைக்குக் கேட்டிருந்தால்.

காற்றைப் பார்த்தேன், சரி. பெட்ரோல் பீய்ச்சல் சரி. கார்புரேட்டர் இஞ்சினோடு சேரும் இடத்தில் எங்கேயாவது காற்று இழுக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டம் ஓட்டினேன். பொழுது மத்தியானம் தாண்டியது. அந்த அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், நான் போகவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்ன டப்பா இருக்கும். கார்புரேட்டரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் அதற்கு வரும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அந்தக் குழாய் காற்றை இழுத்து, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பும். பொறி விழும் நேரம் அதனால் முன்னால் வரும். அந்தக் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு ஓட்டினேன். இழுவை கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் திக்கல் போன இடம் தெரியவில்லை.

திரும்பி வந்து இஞ்சினை நிறுத்தி, பாயிண்ட் மூடியிருக்கும்படி வைத்து, பேட்டரியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் ஒயருக்கு ஒரு சின்ன பல்பு கொடுத்தேன். எரிந்தது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். உள்ளே தட்டு திரும்பியது. பல்பு அணைந்தது. வாயை எடுத்தேன், எரிந்தது. மறுபடி உறிஞ்சினேன். அணைந்தது.

பாயிண்ட் செட்டின் ஒயரைக் கழற்றி விரலில் வைத்து வளைத்துப் பார்த்தேன். மேலே ரப்பர் உறை புதுசு மாதிரி முழுசாக இருந்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது. தட்டு அசையாமல் இருக்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். மிதிக்கும்போது தட்டு திரும்பும், முனைகள் விலகும், பொறி போகும். தட்டு ஒரு நிலைக்கு வந்ததும் மறுபடி தொட்டுக்கொள்ளும். அதுதான் அந்தத் திக்கல். விரல்நீளம்கூட இல்லாத ஒரு ஒயர்.

முத்துலட்சுமி பக்கத்தில் நின்று என்ன என்று கேட்டார். அறுந்த கம்பியைக் காட்டினேன். ஒயரை மாற்றிக்கொடுத்துவிட்டு, பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் மனசு ஒரு நிலையில் இல்லை. அன்றைக்கு நான் குப்பையில் போட்ட பாயிண்ட் செட்டின் ஒயர் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் கலந்த வண்டி எப்படி ஓடும் என்று தெரியும். காலையில் கிளம்பச் சண்டித்தனம் செய்யும், புகையும், ஏற்றத்தில் இஞ்சின் டக்டக்கென்று தட்டும், நின்ற இடத்திலும் உதறும். அந்த வண்டி அப்படி எதுவும் செய்யவில்லை. மிதித்த நொடியில் மட்டும்தான் திக்கியது. இதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். மாற்றியவை இரண்டு. நான் பழியைப் பெட்ரோல் மேல் போட்டேன். பெட்ரோல் மேல் போட்டது கருப்பையா அண்ணன் மேல் விழுந்தது.

அதன் பிறகு ஒரு மாதம் வீட்டில் நான் யாருக்கும் உருப்படியாக இல்லை. சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிடுவேன். என் வீட்டுக்காரி டாக்டரிடம் போகலாம் என்றாள். இரண்டு தடவை பாலவனத்தம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை இறங்கியதும் நிற்காமல் நடந்தேன்.

கருப்பையா அண்ணன் வீட்டு வாசலில் மருந்து தெளிக்கிற பம்ப்பைப் பிரித்துப்போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய ஆள், கை நடுங்கவில்லை. என்னைப் பார்த்து, "யாரு, சம்முகமா? என்னய்யா இந்தப் பக்கம்?" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டேங்க் வாசனை, பாயிண்ட் செட், ஃபோர்மேனிடம் சொன்ன பொய், நரிக்குடி வண்டி. சட்டைப்பையிலிருந்த ஒயரை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, வளைத்துப் பார்த்தார். அறுந்த இடத்தை விரல் சரியாகக் கண்டுபிடித்தது.

நான் எதிர்பார்த்ததெல்லாம் ஒரு வசவு. அவர் திட்டவில்லை. ஒயரைத் திருப்பிக் கொடுத்தார்.

"இத எங்கிட்டச் சொல்லி என்னய்யா? நான் கலக்கலைன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவ உள்ள இருக்கா. அவட்டச் சொல்லு."

அவர் மனைவி பஞ்சவர்ணம் மதினி வாசல்படிக்கு வந்து நின்றிருந்தார். பம்ப்பைத் திருகிக்கொண்டே கருப்பையா அண்ணன், விசாரணைக்கு வந்த எழுத்தர் அன்றைக்குத் தங்கள் வீட்டில் என்ன கேட்டார் என்று சொன்னார். வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் வண்டிக்குப் போனதா என்று கேட்டிருக்கிறார். மதினி, ஆமாம், செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பாட்டில் கொண்டுபோனார் என்று சொல்லியிருக்கிறார். அது உண்மை. வண்டியின் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த கிரீஸையும் களிமண்ணையும் துடைக்கக் கொண்டுபோனது. பணிமனையில் டிரைவர்களுக்கு ஒதுக்கிய அந்த மாத மண்ணெண்ணெய்க் கோட்டா தீர்ந்துபோயிருந்தது. அந்த எழுத்தர் எழுதிக்கொண்ட ஒரே சாட்சி அதுதான்.

மதினிக்கு நான் பாயிண்டையும் தட்டையும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பம்ப்பின் பக்கத்தில் கிடந்த ஒரு சைக்கிள் டியூப் துண்டை எடுத்து உள்ளே கம்பி இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்லி, வளைத்து வளைத்துக் காட்டினேன். பெட்ரோல் சுத்தமாக இருந்தது, தப்பு என்னுடையது என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி" என்றார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை அவர் என்னைப் பார்க்கவில்லை, குனிந்து திருகிக்கொண்டிருந்த புருஷனைத்தான் பார்த்தார்.

"ரேஷன் எண்ணெய வீட்டுக்கு வச்சுக்காம வண்டிக்குக் கொண்டுபோறாகளேன்னு ஆத்தாமைலதான் தம்பி அந்தாளுட்டச் சொன்னேன். பெறகு கலப்படம்னு சொல்லவும் நானும் நம்பிட்டேன். வித்த பெட்ரோலுக்கு வீட்டுக்கு ஒண்ணும் வரலையே, அப்ப வேற எவ வீட்டுக்கோ போயிருக்குன்னு நெனச்சேன். கேக்கல. கேக்காமயே இத்தன வருசம் சோறு போட்டேன்."

கருப்பையா அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். எழுந்து காட்டுப்பக்கம் நடந்தார். அப்படியானால் தன் வாயால்தான் இவ்வளவும் ஆனதா என்று மதினி என்னைக் கேட்டார். நான் ஃபோர்மேனிடம் இரண்டு என்று சொல்லியிருந்தால் அந்த எழுத்தர் எழுதிய எதுவும் நின்றிருக்காது, நீங்கள் எதற்கும் காரணமில்லை என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை.

மறுநாளே எங்கள் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தக் காலத்துக் கோப்புகளை எல்லாம் கழித்துவிட்டார்கள், எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டு நகல் கொடுத்தார். அங்கே சேர்க்க இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன். பணிமனைப் பிள்ளைகள் இதை மலரில் போடத் தயங்கினால், கார்புரேட்டர் பகுதியை வேண்டுமானால் வெட்டிவிடட்டும், இது இருக்கட்டும்.

அந்த நகலை எடுத்துக்கொண்டு பத்து நாள் கழித்து மறுபடி கருப்பையா அண்ணன் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே இரண்டு பேர் சத்தமும் கேட்டது. மதினி என்னைப் பார்த்ததும், "நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து தெனமும் சண்டைதான் தம்பி" என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. கருப்பையா அண்ணன் நகலை வாங்கிப் படித்தார். கண்ணாடி போட்டு இரண்டாவது தடவை படித்தார். அதில் செவ்வாய்க்கிழமை என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, எண்ணெய் கொண்டுபோனது திங்கட்கிழமை, தப்பாக எழுதியிருக்கிறாய் என்றார்.

மதினி உள்ளேயிருந்து, செவ்வாய்தான், அன்றைக்குத்தான் ரேஷன் போட்டார்கள் என்றார். அண்ணன், ரேஷன் போட்டது அதற்கு முந்தின வாரம் என்றார். முந்தின வாரம் போட்டிருந்தால் பாட்டில் நிறைய எப்படி இருக்கும் என்று மதினி வெளியே வந்து கேட்டார். நீ எப்போது பாட்டிலைப் பார்த்தாய் என்று இவர் கேட்டார். நான் பார்க்காமல் வேறு யார் பார்த்தது என்று அவர் கேட்டார்.

நான் இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சொல்லிக்கொள்ளாமலே பஸ்ஸுக்கு நடந்தேன். தெருமுனை திரும்பும் வரைக்கும் அது திங்களா செவ்வாயா என்று முடிவாகவில்லை.